பீஸுக்குக் காவல்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பரமேஸ்வரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ரூ பெர்தொனேயில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்குசினியில் நின்று ரோல்ஸ் சுற்றுகிறவள் அவள். கல்லாவில் நிற்கும் முதலாளியின் குரல் கடைக்குள்ளேயே அடங்கிவிடும், இவளுடைய குரல்தான் தெருவுக்குக் கேட்கும். மாவு இளகினால் பேச்சு, கிழங்கு மசியாவிட்டால் பேச்சு, ஒன்றுமே பிழைக்கவில்லை என்றால் இன்றைக்கு என்ன எல்லாரும் ஊமையாகப் போனீர்களோ என்று அதற்கும் ஒரு பேச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தவள். ஹோட்டல் அறைகள் துடைத்து, அலுவலகங்கள் கூட்டி, கடைசியில் இந்தக் குசினிக்கு வந்து சேர்ந்தாள். கணவன் ஜெயரட்ணம் வாயில்லாப் பூச்சி. எபினே-சூர்-செய்னில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இல்லை.

பிள்ளை இல்லாத குறைக்கு அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் வன்னியில் எல்லாம் முடிந்தபோது அவளுடைய வீட்டில் மிஞ்சியது அவன் ஒருவன்தான். தாய், தகப்பன், நடுவில் பிறந்த இரண்டு பேர், எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். கடைக்குட்டி கலைமாறன் மட்டும் முகாமிலிருந்து எப்படியோ வெளியே வந்து, எந்தெந்த நாட்டுக் காடுகளுக்குள்ளாலோ நடந்து, அடுத்த வருடம் கார் து நோர் ரயில் நிலைய வாசலில் வந்து நின்றான். எப்படி வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. ஏன் இப்படி எலும்பும் தோலுமாய் நிற்கிறாய், அங்கே ஒருத்தரும் சாப்பாடு தரவில்லையோ என்றுதான் ஏசினாள். ஏசி முடித்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே நின்று அழுதாள்.

அவன் கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்று. வலது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், மண்டையோட்டில் குத்தி நிற்கிற செல்துண்டு, எறிகணைச் சிதறல். எங்களுடைய ஆட்கள் அதைப் பீஸ் என்பார்கள். காலில் பீஸ், தோளில் பீஸ், முதுகில் பீஸ் என்று வன்னியிலிருந்து வந்த பாதிப் பேரிடம் ஏதாவது ஒன்று இருக்கும். கலைமாறனுடையதை விரல் வைத்தால் கடலைப்பருப்பு அளவுக்குத் தட்டுப்படும். வலப்பக்கம் சரிந்து படுத்தால் உறுத்தும், அவ்வளவுதான். அது பாட்டுக்கு அது இருந்தது.

அகதி அலுவலகத்தில் அவனுடைய கேஸ் முதல்தரம் தள்ளுப்பட்டது. தழும்பு எதனாலும் வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அப்போதுதான் பரமேஸ்வரி அவனை ஸ்ரீஸ்கந்தராசாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்ரீஸ்கந்தராசா கேஸ் எழுதிக் கொடுக்கிறவர். வழக்கறிஞர் இல்லை, ஆனால் லாச்சப்பலில் அவர் சொல்வதுதான் சட்டம். கலைமாறனின் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்ததும், புதையல் கண்டவர் மாதிரி அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"தம்பி, உந்தப் பீஸ்தான் உம்மடை சாட்சி. தழும்பை அவங்கள் நம்பேல்லை. அப்பீலிலை நீதவானம்மா விரலை வைச்சுப் பாக்கட்டும், பிறகு என்னெண்டு இல்லையெண்டு சொல்லுவா? வதிவிடக் கார்ட் கையிலை வருமட்டும் ஒரு டொக்டரையும் அதிலை கைவைக்க விடாதையும்."

லாச்சப்பலில் இருக்கிற பொன்னம்பலம் என்பவரின் மருமகனுக்கு நடந்ததையும் அவர் சொன்னார். காலில் இருந்த பீஸை இங்கே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம், அடுத்த மாதமே கேஸ் தள்ளுபடியாம். இது உண்மையோ பொய்யோ, பொன்னம்பலத்தைக் கேட்டால்தான் தெரியும். பரமேஸ்வரி கேட்கவில்லை. அன்றையிலிருந்து அந்தப் பீஸுக்கு அவள்தான் காவல். தலைமுடி வெட்டப் போனாலும் கூடப் போய் நின்று, மெசின் அந்தப் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுவாள்.

மேல்முறையீடு மறு வருடம் பங்குனியில் என்று கடிதம் வந்தது. இடையில் ஐப்பசியில் தலையிடி தொடங்கியது.

கலைமாறன் ஆர்ஜொந்தெயில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். வேலை முடிந்து வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். முதலில் அவளும் பெரிதாக எடுக்கவில்லை, நாள் முழுக்க ஆவியிலும் சூட்டிலும் நின்றால் யாருக்குத்தான் தலை இடிக்காது? டொலிப்ரான் குளிசை கொடுத்தாள். அது கொஞ்ச நாளைக்குக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. காலையில் எழும்பும்போதுதான் ஆகவும் மோசம். படுத்தால் கூடுகிறது, இருமினால் கூடுகிறது, குனிந்தால் சத்தி வருகிறது என்றான்.

லாச்சப்பலில் வைத்தியம் சொல்லாத ஆள் உண்டா? பீஸ் நகருது என்றார் ஒருவர். குளிருக்கு இரும்பு சுருங்கும், அதுதான் இழுக்குது என்றார் இன்னொருவர். கறள் பிடித்திருக்கும் என்றார் மூன்றாமவர். ஒரு சொல்லைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிற சனம் நாங்கள். தலைக்குள் பீஸ் இருக்கிற ஒருவனுக்குத் தலை இடித்தால் அது பீஸாலன்றி வேறு எதனால் இருக்கும்? வேறொன்றாக இருக்கலாம் என்று ஒரு குஞ்சும் நினைக்கவில்லை.

கலைமாறன் ஒருநாள் தானாகவே கேட்டான், ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருதரம் காட்டுவோமா என்று. அதிகம் வாய் திறக்காத பிள்ளை அவன், கேட்கிறான் என்றால் தாங்க முடியாமல்தான் கேட்கிறான். அது பரமேஸ்வரிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னாள்.

"பங்குனியிலை கேஸ். அதுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. தலையைக் காட்டினால் அவங்கள் முதலிலை பீஸைத்தான் எடுப்பாங்கள்."

அருகில் இருந்த ஜெயரட்ணம், பாவம், காட்டினால் என்ன என்று மெல்ல இழுத்தார். கேஸ் தோற்றால் அவனை உங்கள் சட்டைப்பைக்குள்ளேயா வைத்திருக்கப் போகிறீர்கள் என்று அவள் ஒரு போடு போட்டாள். அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார். அவளைக் குற்றம் சொல்லி என்ன? ஊரோடு திருப்பி அனுப்பினால் அவனுக்கு என்ன நடக்கும் என்பது அவளுக்கு நித்திரையிலும் தெரியும். இருந்ததே அந்த ஒரு தம்பி. அவனை இந்த மண்ணில் நிறுத்தி வைக்க அவளிடம் இருந்ததும் அந்த ஒரு இரும்புத் துண்டுதான்.

மார்கழி பிறந்ததும் அவன் ஆளே மாறத் தொடங்கினான். ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றான். எபினே ஸ்ரேசனில் நின்று, இரண்டு ரயில் வருகிறது, எதில் ஏறுவது என்று கேட்டபோது பகிடி விடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். சில வேளை குனிந்து நிமிரும்போது கண் முழுக்க இருண்டுபோய்ப் பிறகு திரும்பி வருகிறது என்றான். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டான். சும்மா இருந்து சிரித்தான். சொன்னதையே சொன்னான். வேலையிடத்தில் தண்ணீர் நிறைந்து தரையெல்லாம் ஓட, கையில் ஒரு தட்டோடு அசையாமல் நின்றிருக்கிறான். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே கண்டதெல்லாம் இப்போதுதான் அவனுக்கு மனதுக்குள் வருகிறது, போர் கண்ட பிள்ளைகளுக்கு இப்படித்தான் என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். பரமேஸ்வரி நேர்த்தி வைத்தாள், நூல் கட்டினாள், வடிவாகச் சாப்பிடு என்று ஏசினாள். ஏச ஏச அவன் சிரித்தான்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம். அவளைப் பார்க்க வந்தவன் லாச்சப்பல் மெத்ரோ படிக்கட்டில் விழுந்து வலிப்பில் கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தான். யாரோ கடைக்கு ஓடிவந்து சொல்ல, மாவுக் கையோடு அவள் ஓடினாள். அவசர உதவிக்கு வருகிற பொம்பியேகாரர்கள் வந்து அவனுக்கு மூச்சுக்கருவி பூட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளை போல் பார்த்துக்கொண்டவன் வாயில் நுரை தள்ளிக் கிடக்கிறான், அப்போதும் அவள் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? காதுக்குப் பின்னால் தொடாதீர்கள் என்பதுதான். தனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பொறுப்பெடுத்த டொக்டரின் பெயர் ஜிஸ்லேன். தலை நரைத்த, அவசரப்படாத மனுசி. அதே வார்டில் உதவித் தாதியாக இருந்த ஜெயமணி பாண்டிச்சேரிக்காரி, அவள்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். ஸ்கேன் எடுத்து, முதுகில் ஊசி போட்டு மூளையைச் சுற்றி ஓடுகிற தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, அதில் கறுப்பு மையை விட்டுப் பார்த்தார்களாம். மைக்குள் வெள்ளை வளையம் வளையமாகத் தெரிந்ததாம். டொக்டர் ஷாம்பினியோன் என்றாள். அந்தச் சொல் பரமேஸ்வரிக்குத் தெரியும், கடைக்குப் பெட்டி பெட்டியாக வருகிற காளான். அவன் காளான் வாயிலும் வைக்கமாட்டானே என்றாள்.

"சமைக்கிற காளான் இல்லக்கா," என்றாள் ஜெயமணி. "ரொட்டில பச்சையா பூசணம் பிடிக்குதில்ல, அந்த சாதி. கண்ணுக்குத் தெரியாது. அது மூளைக்கு மேல இருக்கிற சவ்வுல போய் உக்காந்துருக்கு."

பூஞ்சணம்! பாணில் பிடித்தால் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்கிற பூஞ்சணம். அது மனிதனின் மூளையில் பிடிக்குமா? பிடிக்கும் என்று ஜிஸ்லேன் பொறுமையாக விளக்கினாள். புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கும், காய்ந்து காற்றில் பறக்கும், எல்லாரும்தான் மூச்சோடு இழுக்கிறோம். அநேகமான உடம்புகள் அதை அங்கேயே அடக்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த சிலருக்கு அது நெஞ்சுக்குள் இருந்து இரத்தத்தோடு மேலே ஏறும். ஏறி, மூளையைச் சுற்றி ஓடும் தண்ணீரின் வடிகாலை அடைத்துவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் கூடும். தலையிடி அதனால், இரண்டாகத் தெரிந்தது அதனால், அந்தச் சிரிப்பும் மறதியும்கூட அதனால்தான். இப்போது அது கண் நரம்பை நெரித்துக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தேடினார்கள். சிடா, அதுதான் எயிட்ஸ், இருக்கிறதா என்று முதலில் சோதித்தபோது பரமேஸ்வரி டொக்டரையே ஏசப் போனாள். இல்லை என்று வந்தது. வேறு காரணம் எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை. பீஸ்? அதைக் கேட்டதற்கு ஜிஸ்லேன் வியப்போடு பார்த்தாள். அது எலும்புக்கு வெளியே சும்மா இருக்கிறது, இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள். ஐப்பசியிலிருந்து தலையிடி என்றால் ஏன் இவ்வளவு நாளும் கொண்டுவரவில்லை என்று கேட்டாள். ஜெயமணி அதை இரண்டு தரம் மொழிபெயர்த்தாள். முதல் தரமே பரமேஸ்வரிக்கு விளங்கியிருந்தது.

மருந்து நரம்பு வழியாக ஏறியது. ஏறும்போதெல்லாம் அவன் குளிர் பிடித்து நடுங்கினான். ஆனால் மருந்து மட்டும் காணாது, அழுத்தம் இறங்கும்வரை ஒவ்வொரு நாளும் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீரை இறக்க வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் கண் போகும், பிறகு உயிரும் போகும். முதல் ஊசி போட்டபோது அவனுக்கு நினைவில்லை. நினைவு வந்ததும் தொடங்கியது வில்லங்கம்.

அவனுக்குப் பக்கத்தில் நின்று தாதிகள் கதைத்ததில் பாதி அவன் காதில் விழுந்திருக்கிறது. தலைக்குள் இரும்பு இருப்பதால் இவனைப் பெரிய காந்த மெசினுக்குள் விட முடியாது, அது இரும்பை இழுத்துவிடும் என்று கதைத்திருக்கிறார்கள். இரும்பை இழுக்கும் என்றதை மட்டும் அவன் பிடித்துக்கொண்டான். தடவிப் பார்த்தால் முதுகில் கட்டு. எல்லாரும் பீஸை எடுக்கத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டான். சுவரோடு ஒட்டியிருந்து, காதுக்குப் பின்னால் கையைப் பொத்திக்கொண்டு, யார் கிட்ட வந்தாலும் உதைத்தான். மருந்துக் குழாயையும் ஒருதரம் பிடுங்கி எறிந்தான். அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. அவன் உங்கள் சொல்லை மட்டும்தான் கேட்பான், எப்படியாவது சம்மதிக்க வையுங்கள், நாளைக்கு என்றால் காலம் கடந்துவிடும் என்று ஜிஸ்லேன் பரமேஸ்வரியிடம் சொன்னாள்.

அவள் ஏசிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். பீஸை ஒருவரும் எடுக்கப் போவதில்லை, தண்ணீர்தான் எடுக்கிறார்கள் என்று அம்மாவின் பெயரில் சத்தியம் பண்ணினாள். அவன் அவளுடைய குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அவன் பார்க்கிற இடத்தில் இல்லாமல் தான் கொஞ்சம் தள்ளி நிற்பதை அப்போதுதான் அவள் கண்டாள்.

"விடாதை அக்கா," என்றான். "கார்ட் வருமட்டும் ஒருத்தரையும் தொட விடாதை எண்டு நீதானே சொன்னனி."

அந்தச் சொல் அவளை அடித்துப் போட்டது. அவள் சொன்னதைத்தான் அந்தப் பிள்ளை செய்துகொண்டிருக்கிறான். மூளை கலங்கிப் போய், பெயர் மறந்து, கிழமை மறந்து, எல்லாம் மறந்த பிறகும் அக்கா சொன்ன ஒன்றை மட்டும் மறக்காமல் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கட்டில் விளிம்பில் பொத்தென்று இருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அழுகையோடு அழுகையாக வாயில் வந்ததைச் சொன்னாள்.

"கார்ட் கிடைச்சிட்டுதடா. ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை இப்பத்தான் ரெலிபோன் எடுத்துச் சொன்னவர்."

அவன் உண்மையோ என்று கேட்டான். ஓம் என்றாள். காதுக்குப் பின்னாலிருந்து கையை மெல்ல எடுத்தான். பிறகு அவர்கள் சொன்னபடி பக்கவாட்டில் சுருண்டு, முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தான். ஊசி ஏறியதும் தண்ணீர் பீறிட்டு வந்தது. இத்தனை வருட வேலையில் இவ்வளவு வேகமாக வந்து தான் பார்த்ததில்லை என்று ஜெயமணி பிறகு சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஊசி. அவன் மறுக்கவில்லை. காய்ச்சல் விட்டது, தலையிடி இறங்கியது, அந்தப் பொல்லாத சிரிப்பு நின்றது. கதை தெளிவானது. பழைய கலைமாறன் துண்டு துண்டாகத் திரும்பி வந்தான். கண் மட்டும் வரவில்லை. கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு மாதக்கணக்காக நெரிபட்டு இருந்திருக்கிறது, இனித் திரும்பாது என்றார். வெளிச்சமும் இருட்டும் தெரியும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வயது முப்பது இன்னும் ஆகவில்லை. ஜெயரட்ணம் அன்றைக்கு வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். பரமேஸ்வரி அழவில்லை. அவளுக்கு அழுகையும் வரவில்லை, ஏச்சும் வரவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு பின்னேரம் அவனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். தானே சாப்பிடப் பழகுகிறேன் என்றவனை விடாமல் அவள்தான் தீத்தினாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, கார்ட்தான் கிடைத்துவிட்டதே, இனி இந்தப் பீஸ் என்னத்துக்கு, எடுத்துவிடச் சொல்லு, ஒருநாளாவது வலப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும் என்றான்.

கேஸ் அடுத்த மாதம். இப்போது பீஸை எடுத்தால் சாட்சி போகும், எடுக்காதே என்றால் பொய் வெளிக்கும். தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து, நடையில் ஜிஸ்லேனைக் கண்டு, ஜெயமணியின் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டினாள். தழும்பை நம்பாதது, நீதவானம்மா விரல் வைத்துப் பார்க்க வேண்டியது, ஐப்பசியில் கொண்டுவராதது எதனால் என்பது, எல்லாம். ஜெயமணி ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள்.

ஜிஸ்லேன் கண்ணாடியைக் கழற்றினாள். பரமேஸ்வரிக்கே விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னாள். முதல் நாளே ஸ்கேன் எடுத்துவிட்டோம், அந்தப் படத்தில் துண்டு இருக்கிற இடம், அளவு எல்லாம் இருக்கிறது. எடுத்தாலும் படம் எங்கேயும் போகாது. நான் சான்றிதழ் எழுதித் தருகிறேன், நீதிமன்றத்துக்கு அது போதும், எந்த நீதிபதியும் விரல் வைத்துப் பார்க்கமாட்டார். தலையிடி என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இதே படத்தை எடுத்திருப்பார்கள் என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். இருபது வருடத்தில் பரமேஸ்வரிக்கு ஒரு பிரெஞ்சு வசனமும் அவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

திரும்பி அறைக்குள் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இனியும் பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

"கார்ட் வரேல்லையடா. உன்னை ஊசி போடவிடுறதுக்காக நான் பொய் சொன்னனான்."

"தெரியும்," என்றான் கலைமாறன். "கார்ட் வந்திருந்தால் வந்து நிண்டு என்னை ஏசியிருப்பாய். அண்டைக்கு நீ அழுதனி."

"தெரிஞ்சுகொண்டோ விட்டனி?"

"நீ அழேக்கை நான் என்ன செய்யிறது?"

பீஸ் போனாலும் போகட்டும் என்றுதான் அன்றைக்குக் கையை எடுத்திருக்கிறான். இப்போது பீஸை எடுக்கச் சொன்னதும் அவள் வாயாலேயே உண்மை வரட்டும் என்றுதான். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம், படத்தின் கதையைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்ட ஒன்றை அவனுக்கு ஒளித்து வைக்க அவளால் முடியவில்லை. பீஸை எடுக்கலாமாம், முதலே எடுத்த படம் ஒன்று இருக்கிறதாம், கோட்டுக்கு அந்தப் படமே போதுமாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவன் யோசித்தான். அந்தப் படத்தை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டான். கொண்டுவந்த முதல் நாளே என்றாள்.

"அப்ப, ஐப்பசியிலை வந்திருந்தாலும் எடுத்திருப்பாங்களோ அக்கா?"

"ஓம்," என்றாள் பரமேஸ்வரி.